கிறசரடியில் கூடுதலாகச் செத்த பதினொரு பேர்

ராஜினி அக்கா யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. திட்டினால் ஆத்திரம் வடிந்துபோகும், அதை வடியவிட ஏலாது என்று ஒருமுறை சொன்னார். எங்கள் பிரதேச செயலகக் கந்தோரின் புள்ளிவிபரப் பகுதியில் ஜன்னலோர மேசை அவருடையது. எதிர் மேசையில் நான். மாடு, கிணறு, மலசலகூடம் என்று பன்னிரண்டு வருடமாக எண்ணிக்கொண்டிருந்தவர், தம்பி தர்ஷனை எரித்துவிட்டு வேலைக்குத் திரும்பிய பிறகு செத்தவர்களை எண்ணத் தொடங்கினார்.

அக்காவின் ஊருக்குப் பெயர்ப்பலகையில் வேறு பெயர் இருக்கிறது. யாரும் அதைச் சொல்வதில்லை. கல் உடைக்கும் கிறசர் வந்த நாள் முதல் அது கிறசரடி. எழுபதுகளில் மலையகத் தோட்டங்களிலிருந்து அடிபட்டு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகள்தான் அங்கே பெரும்பாலும். அக்காவின் அப்பா பழனியாண்டியும் அப்படி வந்தவர். அங்கத்தைய மாவிலைகளில் விரலால் பெயர் எழுதலாம். தூசு அவ்வளவு.

தர்ஷன் பதினேழு வயதில் கிறசருக்கு வேலைக்குப் போனவன். இருபத்தெட்டில், 2023 ஆவணியில், வவுனியா ஆஸ்பத்திரி வாட்டில் செத்தான். கடைசியில் முப்பத்தாறு கிலோ. மரணப் பத்திரத்தில் நிமோனியா என்று இருந்தது.

செத்த வீட்டுக்கு முதலாளி வீரபாகு வந்தார். கதிரையில் இருந்து சோடா குடித்தபடி, “பெடியன் சிகரெட் கூடப் பத்தினவன் போல, தங்கச்சி” என்றார். சாம்பிராணிப் புகைக்கே எழும்பி வெளியே போகிறவன் தர்ஷன். அக்கா, அவர் குடித்து முடிக்கும்வரை எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தையில் கிறசரின் அனுமதியைப் புதுப்பிக்கும் கூட்டம் எங்கள் மண்டபத்தில் நடந்தது. இளம் பெடியள் இருமி இருமிச் சாகிறார்கள் என்று ஊர்ச்சனம் முறையிட்டது. வீரபாகு சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

“இது உங்கட கந்தோர்ப் பேப்பர்தானே. ஆறு வருசத்தில இருபதில இருந்து நாப்பத்துநாலு வயசு வரை ஆம்பிளையள் அஞ்சு பேர் செத்திருக்கினம். நாட்டுக் கணக்குப்படி சாகவேண்டியதும் அஞ்சு பேர்தான். ஒராள்கூடக் கூடேல்லை.”

கூட்டத்துக்காக அக்கா போட்டுக் கொடுத்த கணக்கு அது, தாளின் அடியில் அவருடைய கையெழுத்து. குறிப்பெழுத அதே மண்டபத்தில்தான் இருந்தார். அனுமதி கிடைத்தது.

அந்தக் கணக்கு இதுதான். நாடு முழுவதும் அந்த வயதில் எத்தனை பேர் சாகிறார்கள் என்று வீதம் ஒன்று இருக்கும். அக்கா அப்போது எடுத்த வீதம், வருடத்துக்கு ஆயிரத்தில் இரண்டு பேர். கிறசரடியில் அந்த வயது ஆண்கள் நானூறு. ஆறு வருடத்துக்குக் கிட்டத்தட்ட ஐந்து பேர் சாவது இயல்பு. அதற்கு மேலே செத்தவர்கள்தான் கூடுதல் சாவு. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. கூட்டத்துக்குப் பிறகு இரண்டு நாள் அக்கா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

உயிர் எங்கே போகிறதோ அங்கேதான் சாவைப் பதிவார்கள். மூச்செடுக்க ஏலாத பெடியனை அம்புலன்ஸ் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுபோகும். அவன் அங்கே சாவான், அங்கத்தைய புத்தகத்தில் பதிவான். எங்கள் புத்தகத்தில் இருந்த ஐந்து பேரும் பாம்பு கடித்தவர்கள், யானை அடித்தவர்கள், றோட்டில் அடிபட்டவர்கள். நானூறு என்பது குடும்பப் பட்டியலில் இருந்து வந்தது. எங்கள் பக்கத்தில் பட்டியலில் இருந்து யாரும் பெயர் வெட்டுவதில்லை. சுவிசில் இருக்கிறவன் காணிக்காக இருப்பான். 2009இல் காணாமல் ஆக்கப்பட்டவன் தாய்க்காக இருப்பான்.

“செத்தவங்களை வெளிய விட்டுட்டன். இல்லாதவங்களை உள்ள வைச்சிருக்கிறன்,” என்றார் அக்கா. “வீரபாகுவுக்கு நற்சான்று எழுதிக் குடுத்தது நான்தான். நானே அதைக் கிழிக்கவேணும்.”

சனிக்கிழமைகளில் வீடு வீடாகப் போகத் தொடங்கினார். ஊருக்கு வெளியாள் ஒருவர் எழுதினால்தான் நம்புவார்கள் என்று படிவக் கோவையோடு என்னையும் கூட்டிப் போனார். செத்தவர்களைக் கண்டுபிடிப்பது லேசாக இருந்தது, ஏனென்றால் அவர்கள் கோழிக்கூடுகளின் மேல் இருந்தார்கள். ஒரு பெடியன் செத்தால் சந்தியில் ‘கண்ணீர் அஞ்சலி’ பனர் கட்டுவார்கள். மலர்வு, உதிர்வு என்று இரண்டு திகதிகள், நடுவில் படம். முப்பத்தோராம் நாள் கிரியை முடிய அதை அவிழ்த்து விறகுக் கொட்டிலுக்கோ கோழிக்கூட்டுக்கோ கூரையாகப் போடுவார்கள். நல்ல தடிப்பான பிளாஸ்ரிக், வீசமுடியாது. மழையில் நனைந்து, எச்சம் பட்டு, சிரித்தபடி கிடந்த முகங்களின் கீழிருந்த திகதிகளை நான் எழுதினேன். மரணப் பத்திரங்களோடு ஒப்பிட்டோம். வெளியூர் ஆஸ்பத்திரிகளில் செத்தவர்கள் ஒன்பது பேர். ஐந்தும் ஒன்பதும் பதினாலு. அந்த ஒன்பதில் ஏழு பனர்களை அக்கா, புதுத் தகரம் வாங்கிக் கொடுத்து, சுருட்டி எடுத்துக்கொண்டார். ஏன் அந்த ஏழு மட்டும் என்று அப்போது சொல்லவில்லை.

உயிரோடு இருப்பவர்களை எண்ணுவதுதான் கடினமாக இருந்தது. வெளிநாட்டில் நூற்றெட்டுப் பேர் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். காணாமல் ஆக்கப்பட்ட நாற்பத்திரண்டு பேரைக் கேட்டதும் வாசல் படலையைச் சாத்தினார்கள். அவர்களை விட்டுவிட்டுக் கணக்கைப் போடலாமா என்று கூட்டத்துக்கு வரும் வைத்தியரிடம் அக்கா கேட்டார். பட்டியலைத் துப்புரவாக்குவதென்றால் முழுதாகச் செய்யுங்கள், தெரிந்துகொண்டு ஒரு பெயரை விட்டாலும் வீரபாகுவின் லோயர் அந்த இடத்தில் பிடித்து முழுத்தாளையும் கிழிப்பார் என்றார் அவர்.

அந்த நாற்பத்திரண்டில் ஒருவர் சுதாகரன், அக்காவின் கணவர். காணாமல் போகும்போது வயது இருபத்துநாலு. அக்கா இன்றைக்கும் மாமியார் வீரம்மாவோடுதான் இருக்கிறார். வீரம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. வருடாவருடம் குடும்பப் பட்டியல் வரும்போது வீட்டின் மூன்று பெயரையும் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்பார்.

அந்த வருடம் அக்கா இரண்டு பெயரை வாசித்தார்.

“எம்புள்ளயச் சாகடிச்சிட்டியாடி?” என்றார் வீரம்மா.

“செத்தவர் எண்டு எழுதேல்லை மாமி. இஞ்ச இல்லை எண்டுதான் எழுதியிருக்கிறன்.”

“ஒந் தம்பிக்காக எம்புள்ளய வித்துட்ட.”

அக்கா பட்டியலை மடித்துக் கோவையில் வைத்தார். அடுத்த வீட்டுக்கு நடக்கும்போது, அவா சொன்னது பொய்யில்லை என்று என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து வீரம்மா தனி அடுப்பில் சமைக்கிறார்.

மற்ற நாற்பத்தொரு வீட்டுக்கும் அக்கா, கணவரின் பெயரை வெட்டிய தன் வீட்டுப் படிவத்தை முதலில் நீட்டினார். ஒரு தாய் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, “அந்த மொதலாளியப் புடிக்கவா?” என்று கேட்டார். “ஓம். பிடிக்க,” என்றார் அக்கா. அந்த அம்மா பெருவிரலை மையில் வைத்தார். மூன்று சனிக்கிழமைகளில் எல்லோரும் வைத்தார்கள். யாரும் மனம் ஒப்பி வைக்கவில்லை.

இந்த வருடத் தைக் கூட்டத்தில் அக்கா எழுந்து புதிய கணக்கை வாசித்தார். ஊரில் உண்மையில் இருப்பவர்கள் இருநூற்றைம்பது. நாட்டுக் கணக்குப்படி சாகவேண்டியவர்கள் மூன்று பேர். செத்தவர்கள் பதினாலு பேர். கூடுதல் பதினொன்று.

வீரபாகு சிரித்தார். எங்கெங்கேயோ செத்தவர்களையெல்லாம் தன் தலையில் கட்டுவதாகச் சொன்னார். பிறகு, “இந்தப் பெடியளை ஆரெண்டே எனக்குத் தெரியாது” என்றார்.

ஒரு வருடமாக அக்கா காத்திருந்தது இந்த ஒரு வசனத்துக்கு. ஏழு பனர்களையும் மண்டபத்து நிலத்தில் விரித்தார். கோழி எச்சம் மணத்தது. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே வரி அச்சாகியிருந்தது: ‘எமது சக ஊழியனின் பிரிவால் துயருறும் வீரபாகு கல் ஆலை நிர்வாகம்.’ முதலாளி தன் பெயர் சந்தியில் தொங்கவேண்டும் என்று விரும்புகிறவர். பனர்ச் செலவைத் தானே ஏற்றிருந்தார்.

“தெரியாத ஆக்களுக்கு ஏழு பனர் அடிச்சிருக்கிறியள். நல்ல மனசு,” என்றார் அக்கா.

கிறசரை நிறுத்தச் சொல்லி மாசியில் கடிதம் போனது. அதற்கு அடுத்த கிழமை வீரபாகு கந்தோருக்கு வந்து அக்காவின் மேசைக்கு முன்னால் இருந்தார். குரல் இறங்கியிருந்தது. “நானும் பிள்ளைகுட்டிக்காரன், தங்கச்சி.”

அக்கா வெறுந்தாள் ஒன்றை எடுத்துப் பேனையைத் திறந்தார்.

“எத்தினை பிள்ளையள்? வயசைச் சொல்லுங்கோ. இருபதுக்கும் நாப்பத்துநாலுக்கும் இடையில இருக்கிறவையை முதல்ல சொல்லுங்கோ.”

அவர் எழும்பிப் போய்விட்டார். அக்காவின் முகத்தில் அன்று இருந்ததை மகிழ்ச்சி என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. கிறசரடியில் வேலை இழந்த இரண்டு பேர் அக்காவின் படலையில் செருப்பு மாலை கட்டினார்கள். அதை அவிழ்த்து, அவர்களின் வயதையும் குறித்துக்கொண்டார்.

சித்திரையில் வீரபாகு இயந்திரத்தைக் கழற்றி லொறிகளில் ஏற்றினார். மைத்துனரின் பெயரில் புது அனுமதி, வவுனியாப் பக்கம் வேறொரு கிராமம். செய்தி வந்த அன்றே அக்கா இடமாற்றத்துக்கு விண்ணப்பித்தார். மாற்றத்தை நிறுத்த ஆள் பிடித்துத் திரிகிற கந்தோரில், மூலைக் கிராமம் ஒன்றைத் தானாகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். நிர்வாக உத்தியோகத்தர் காரணம் கேட்டதற்கு, சொந்தக் காரணம் என்று எழுதிக் கொடுத்தார். வீரம்மா கூடப் போகவில்லை. மகன் வந்தால் வீடு பூட்டிக் கிடக்கக்கூடாதாம். அதையும் அவர் அக்காவிடம் நேரே சொல்லவில்லை, பக்கத்து வீட்டாரிடம்தான் சொல்லி அனுப்பினார்.

போன மாதம் அக்கா போனில் கோல் எடுத்தார். இயந்திரம் இன்னும் பூட்டி முடியவில்லை, அத்திவாரம்தான் போடுகிறார்கள் என்றார். அதற்குள் அந்தக் கிராமத்து ஆண்களை, இருபதிலிருந்து நாற்பத்துநாலு வரை, பெயரும் பிறந்த திகதியும் மார்பு எக்ஸ்றேப் படமும் சேர்த்து வீடு வீடாகப் பதிந்து முடித்துவிட்டார்.

“முந்நூற்றுப் பதினேழு பேர்,” என்றார். “இந்த முறை உயிரோட இருக்கேக்குள்ளயே எண்ணி வைச்சிருக்கிறன்.”