பெரியப்பாவின் வலது கை

என் பெரியப்பாவின் வலது கை சினிமாவில் நடித்த கை. இந்த ஒன்றை நம்பித்தான் ஆறாம் வகுப்பு வரை நான் பள்ளிக்கூடத்தில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு, மலைமேல் வாழவந்தி நாடு என்ற பகுதியில் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு படக்கம்பெனி வந்து நாலு நாள் தங்கியிருக்கிறது. எதிரிகளிடமிருந்து தப்பி மலையேறி வரும் கதாநாயகன் தாகத்தில் தள்ளாடி ஒரு பாறைமேல் சாய்வான். திரையின் இடது ஓரத்திலிருந்து ஒரு கை சுரைக்குடுக்கையில் தண்ணீரை நீட்டும். அவன் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த சண்டைக்குக் கிளம்பிவிடுவான். கைக்குரிய ஆள் தெரியாது, முழங்கை வரைதான் தெரியும். அந்த முழங்கை எங்கள் பெரியப்பாவுடையது.

அதற்கு ஊரே சாட்சி. சினிமாக்காரர்களுக்கு மூட்டை முடிச்சு தூக்கிக் கொடுக்கலாம், ஆனால் ஊர் ஆட்கள் யாரும் படத்தில் தலைகாட்டக்கூடாது என்று ஊர்க்கவுண்டர் அப்போதே கட்டுப்பாடு போட்டிருந்தாராம். படம் நாமக்கல்லில் ஒரே வாரம் ஓடியது. மலையிறங்கிப் போய்ப் பார்த்தவர் கல்யாணமாகாத பெரியப்பா ஒருவர்தான். ஆனால் எங்கள் ஊர்ப் பெண் யாரோ படத்தில் வருகிறாளாம் என்று சந்தையில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. ஊர்க்கவுண்டர் கூட்டம் போட்டு, எந்த வீட்டுப் பெண் என்று கேட்டிருக்கிறார். பெரியப்பா எழுந்து, "பொண்ணுமில்ல ஒண்ணுமில்லீங்க. அது என்ற சொந்தக் கை. நானே பாத்துட்டு வந்தனுங்க" என்று வலது கையைக் கூட்டத்தின் நடுவே நீட்டினாராம். ஒரு மாதம் கோயில் வாசலைக் கூட்ட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. நடித்ததற்கு அண்ணனுக்குக் கிடைத்த சம்பளம் அதுதான் என்று அப்பா இன்றைக்கும் கேலி செய்வார். அடுத்த வருடம் பெரியப்பா அதே ஊரில் பெரியம்மாவைக் கட்டிக்கொண்டார்.

பிற்பாடு டிவியில் அந்தப் படம் வந்தபோது, சேந்தமங்கலத்தில் கேசட் கடை வைத்திருந்த என் தாய்மாமா அதைப் பதிந்து கொண்டுவந்து தந்தார். எங்கள் வீட்டு டெக்கில் அது ஓடாத பண்டிகை இல்லை. கை வரும் இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டதால் அந்த இடத்தில் மட்டும் நாடா தேய்ந்து, கதாநாயகன் அடைமழையில் நனைவது போல் கோடு கோடாக விழும். விருந்தாளிகள் ஒரு கண்ணால் டிவியையும் மறு கண்ணால் பெரியப்பாவின் கையையும் பார்ப்பார்கள். அவர் காப்பி டம்ளரைக்கூட இடப்பக்கமாக நின்று, முழங்கை வரை மட்டும் நீட்டித்தான் கொடுப்பார். அந்த நேரம் பார்த்துப் பெரியம்மாவுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும்.

நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது வந்தது வம்பு. என் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பக்கத்துப் பைல் நாட்டுக்காரி ஒருத்தி, முகம் தெரியாத கை யாருடையதாகவும் இருக்கலாம், அவளுடைய சித்தப்பாவுடையதாகவும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டாள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சரியாக அந்த வாரமே தாய்மாமா ஒரு செய்தியோடு வந்தார். கம்பெனிக்காரர்கள் அதே படத்தைப் புதுப்பித்து டிவிடியாக விட்டிருக்கிறார்களாம். நான் குதித்தேன். பெரியப்பா மட்டும் குதிக்கவில்லை.

"ஒவ்வொரு காட்சியையும் கழுவித் தொடச்சு விட்டிருக்கறானுங்க. எலையில இருக்கற எறும்பு கூடத் தெரியும்" என்றார் மாமா.

"எறும்பு பாக்கறதுக்கா மாப்ள சினிமா? அது எங்கூட்டுச் சக்கரை டப்பாவுலயே நெறைய இருக்குது."

"நாடா பூஞ்சை புடிச்சுப்போச்சுங்க. நாளைக்கு வர்ற புள்ளைங்க பாக்க வேண்டாமுங்களா?"

"பூஞ்சையோட பாக்கட்டும்."

மாமா விடுகிற ஆள் இல்லை. பழையதைச் செப்பனிடவே கூடாது என்றால் கோயிலுக்கு எதற்கு வெள்ளையடிக்கிறோம் என்று கேட்டார். பெரியப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெள்ளையடிச்சா சாமிக்கு மூஞ்சி மாறாது மாப்ள. இதுல மாறிப்போச்சுன்னா?" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. சொந்தக் கையை ஊரே பளிச்சென்று பார்க்கப்போகிறது, இந்த மனுஷருக்கு இப்படியும் ஒரு வெட்கமா என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா பிளேயரும் வட்டுமாக வந்து இறங்கினார். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லை. பைல் நாட்டுக்காரியை நானே பஸ் ஸ்டாப்புக்குப் போய் அழைத்துவந்து முன்வரிசையில் உட்கார வைத்தேன். மாமா ஒயரை மாட்டி முடித்ததும் கரண்டு போயிற்று. மழைக்கு லைன் அறுந்திருக்கும், இனி நாளைக்குத்தான், அதற்குள் எல்லாரும் வந்தால் மிளகுக் கொடியாவது கட்டிவிடலாம் என்று பெரியப்பா கூப்பிட்டார். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. வாருங்கள் என்று அவர் எழுந்த எழுச்சியில், வேட்டி மடிப்பிலிருந்து எங்கள் வீட்டுக் கரண்டுப் பெட்டியின் பீஸ்கட்டை நழுவி பைல் நாட்டுக்காரியின் காலடியில் விழுந்தது. அவள் மரியாதையாக எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

கரண்டு வந்து படம் ஆரம்பித்ததும் அப்பாவுக்குக் கோபம். மேலேயும் கீழேயும் கறுப்பாக இரண்டு பட்டை, நடுவில் ஒடுக்கமாகப் படம். காசு கொடுத்து வாங்கிப் பாதிப் படமா என்றார். மாமா சிரித்தார்.

"பெரிய தெரைக்கு எடுத்த படமுங்க. டிவிக்காரன் ரெண்டு பக்கமும் வெட்டிப்போட்டுத்தான் இத்தனை நாளாக் காட்டினான். இப்பத்தான் இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் முழுசா வருது."

பெரியப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

கதாநாயகன் பாறைமேல் சாய்ந்தான். கை வந்தது. கையோடு முழங்கை வந்தது. முழங்கையோடு நிற்காமல் தோள் வந்தது, தோள்மேல் ஒரு ஜடை வந்தது, அப்புறம் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு பெண் முழுசாக நின்றாள். பதினேழு பதினெட்டு வயதிருக்கும். கூடத்தில் ஒரு சத்தம் எழும்பியது. அதைக் கேட்டு முதல்முறையாக அந்தக் காட்சிக்குப் பெரியம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார். எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தோம். மறுபடி திரையைப் பார்த்தோம். அதே முகம்தான், முப்பது கிலோ குறைவாக.

"அக்கா, இது நீங்கதானுங்களே!" என்றார் மாமா.

"கையை மட்டுந்தான் எடுப்பம்னு சொன்னானுக" என்றார் பெரியம்மா.

அப்போதுதான் வலது ஓரத்தையும் கவனித்தேன். படக்கம்பெனிக்கு மூட்டை தூக்க வந்த ஆட்கள் அங்கே தெரியாமல் படத்தில் விழுந்திருந்தார்கள், அவர்களில் தலையில் ஒரு தகரப் பெட்டியோடு ஓர் இளவட்டம். சுற்றி நின்ற அத்தனை பேரும் கதாநாயகனைப் பார்க்க, இது மட்டும் அவனைத் தாண்டி எதிர்ப் பக்கம் எங்கேயோ பார்த்துக்கொண்டு, வாயில் ஈ நுழைவது தெரியாமல் நின்றது. பெரியப்பாதான்!

"உங்க பெரியப்பா கை பொட்டியப் புடிச்சிருக்குதுடி" என்று பைல் நாட்டுக்காரி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். கூடமே குலுங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை வருடம் பொண்டாட்டியின் கையைத் தன் கை என்று ஊரை ஏய்த்த பொய்யர்! பெரியப்பா மாட்டைப் பார்க்க வேண்டும் என்று முணுமுணுத்து, ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் மாமாவின் செருப்புமாக வெளியேறினார்.

எல்லாரும் சிரித்து ஓய்ந்து கலைந்த பிறகு பெரியம்மா மாமாவிடம் அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். மாமா போட்டார். இன்னொரு முறை கேட்டார். மூன்றாம் முறை டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முந்தானையால் கண்ணாடியின் வலது ஓரத்தை மட்டும் அழுத்தித் துடைத்தார். சின்ன வயசு முகத்தைப் பார்க்க ஆசை, பாவம், பதற்றத்தில் இடம் தெரியாமல் தேடுகிறார் என்று நான் நினைத்தேன்.

"பெரீம்மா, நீங்க அந்தப் பக்கம் நிக்கறீங்க" என்று இடது ஓரத்தைக் காட்டினேன்.

"தெரியும் கண்ணு" என்றார், வலது ஓரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.