அட்டை சுடோகு

கல்யாணமான புதிதில், எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பேச ஒன்றும் அகப்படாத ஞாயிற்றுக்கிழமைகளில் கைகொடுத்தது பத்திரிகையில் வரும் சுடோகுதான். அவர் பென்சிலைப் பிடிப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அங்க எட்டு வராதுங்க" என்பேன். ஃபெக்டரியில் வாரமெல்லாம் வாய் திறக்காத மனுஷன் அந்த நேரத்தில் மட்டும் என்னோடு சண்டை போடுவார். அது எனக்குப் பிடிக்கும்.

போன மழைக்காலத்தில் அவருடைய தங்கச்சி வந்து சேர்ந்தாள். கொழும்பில் கம்பெனி வேலை. கொஞ்ச நாளைக்கு வீட்டிலிருந்தே செய்யச் சொல்லிவிட்டார்களாம். மாமியார் இருக்கும் தோட்டத்து லயத்து வீட்டில் சிக்னல் எடுக்காது. பூண்டுலோயா டவுனுக்குக் கிட்ட இருக்கும் எங்கள் வீட்டில் எடுக்கும். அதனால் எங்களோடு தங்கினாள்.

ஒரு நாள் அவர் காலில் அட்டை கடித்து ரத்தம் ஒழுக வேலையால் வந்தார். நான் உப்பு எடுக்க ஓடினேன். திரும்பி வந்தால் அவள் தாளில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். கட்டங்களுக்குள் நெளிநெளியாக அட்டைகள்.

"அண்ணே, இது அட்டை சுடோகு. சாதாரண சுடோகு மாதிரிதான். ஆனா அட்டை ரத்தம் குடிக்கக் குடிக்க ஊதும்ல, அதனால வாலுலருந்து வாய் வரைக்கும் நம்பர் கூடிக்கிட்டே போகணும்."

"உப்புன்னு எழுதியிருக்கியே, அது என்னா?"

"உப்பு பட்டா சுருங்கிரும்ல? அந்தக் கட்டத்துல ஒண்ணு, ரெண்டு, மூணு மட்டுந்தான் வரும்."

அவர் சிரித்தார். என்னிடம் சிரிக்கும் சிரிப்பல்ல. கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. உப்புக் கிண்ணத்தோடு நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு பத்திரிகை பிரிக்கப்படாமலே கிடந்தது. அண்ணனும் தங்கச்சியும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து, சின்ன வயதில் கடித்த அட்டைகளைப் பற்றியெல்லாம் பேசினார்கள். எனக்குத் தெரியாத காட்டுப்பாதைகள், மாமியாரிடம் அவர்கள் வாங்கிய, எனக்குத் தெரியாத அடிகள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். இருவரும் நிமிராமலே வாங்கிக்கொண்டார்கள்.

வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. நான் வேலை செய்யும் போட்டோகொப்பிக் கடைக்கு அந்தத் தாளைக் கொண்டுபோய் ஒரு பிரதி எடுத்து, ஆள் வராத நேரமெல்லாம் போட்டுப் பார்த்தேன். கடைசியில் ஒரு மூலையில் நாலும் ஏழும் எப்படி மாறினாலும் சரியாகவே வந்தது. ஒரு விடைதான் இருக்க வேண்டும், இதற்கு இரண்டு.

அன்று சாயந்தரம் அவர் முன்னாலேயே தாளை வைத்தேன். "இது பிழை. ரெண்டு விடை வருது."

அவள் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். அவளோ கையைத் தட்டி, "ஐயோ அண்ணி, எப்படிக் கண்டுபுடிச்சீங்க!" என்றாள். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. தங்கச்சி தலையைத் தடவி, "பரவாயில்ல, அடுத்ததுல சரி பண்ணிரலாம்" என்றார். அவர்களுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, பசியில்லை என்று எழுந்து போனேன்.

மறுநாள் அவள் புதிய கட்டத்தை என்னிடம்தான் நீட்டினாள். "நீங்க மொதல்ல பாருங்க அண்ணி. அண்ணனுக்குப் பிழை தெரியாது."

நான் அதை அவசரமில்லாமல் வைத்துக்கொண்டேன். "எங்க, காட்டு" என்று அவர் கேட்கும்போதெல்லாம், "இன்னும் பாத்து முடியல" என்றேன். நாங்கள் இருவரும் குசுகுசுவென்று பேச, அவர் டீவி சத்தத்தைக் கூட்டினார். அந்த வாரம் நன்றாகச் சாப்பிட்டேன்.

மழை விட்டதும் அவள் கொழும்புக்குத் திரும்பிவிட்டாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் இருவருக்கும் போனில் ஒரு கட்டம் அனுப்புகிறாள். யாருடைய போன் முதலில் சத்தம் போடுகிறது என்று என் காது பார்த்துக்கொண்டே இருக்கும். போன வாரம் அவருடையதுதான் முதலில் அடித்தது.

"வா, சேந்து பாப்போம்" என்று கூப்பிட்டார்.

"கறி அடுப்புல இருக்குங்க" என்றேன். அடுப்பைக் குறைத்து வைத்து, குசினியில் நின்றபடியே என் போனில் போட்டு முடித்து, விடையை அவளுக்கு மட்டும் அனுப்பினேன்.