ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸின் கண்டக்டர்

செய்தி எனக்கு மதில் சுவரைத் தாண்டி வந்தது. எங்கள் வீட்டில் போன் கிடையாது. உறையூரில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள்தான் சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கூப்பிட்டார். "சரோஜா, ஸ்ரீரங்கத்திலேருந்து போன் வந்துச்சு. வைதேகின்னு ஒரு அம்மா. ஒரே அழுகை. கண்டக்டர் போயிட்டாராம், உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க."

முகத்தில் பாதி சோப்பு நுரையோடு என் கணவர் வெளியே வந்தார். "எந்தக் கண்டக்டர்? உங்க வகையில யாரும் பஸ்ஸுல வேலை பார்க்கலையே?"

துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் சிரிப்புத்தான் வந்தது. நம் விடுதியில் இருந்த யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அழுகை கொஞ்சம் பொறுத்து வந்தது.

விடுதிக்குப் பின்னாளில் வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ரெஜினா அக்கா எந்தப் பஸ்ஸிலும் வேலை பார்த்தவர் இல்லை. பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர். வெள்ளைப் புடவை, கான்வாஸ் ஷூ, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில். கன்டோன்மென்ட் பக்கம் நாம் எல்லோரும் இருந்த வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில், மாடிப்படிக்கு அடுத்த அறை அவருடையது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே சேர்ந்தபோது அது மிக ஒழுங்கான விடுதி. ஒழுங்கு என்றால், யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் ஆளுக்கொரு தட்டோடு வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு, மாடியேறி, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவார்கள். கூடத்தில் இருந்த நீள பெஞ்சுகளில் பூனை படுத்திருக்கும். உப்பிலியபுரத்தில் எங்கள் வீட்டில் பதினோரு பேர். சாப்பிடும்போது யார் தட்டில் யார் கை இருக்கிறது என்றே தெரியாது. இங்கே என் பல் அப்பளத்தைக் கடிக்கும் சத்தம் எனக்கே பயமாக இருந்தது. ஆபீசிலும் புதியவள். சம்பளம் வாங்கியதும் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் வீட்டில் பி.ஏ. படித்து வேலைக்கு வந்த முதல் பெண் நான். திரும்பிப் போனால் மறுபடி அனுப்ப மாட்டார்கள் என்று தெரியும். தெரிந்தேதான் முடிவு செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல யார் இருந்தார்கள்?

ஒரு ஞாயிறு சாயங்காலம் வராந்தாவில் விசில் சத்தம். கூடவே ஒரு குரல்: "லால்குடி, லால்குடி, லால்குடி! டோல்கேட், வாளாடி, லால்குடி! ஏறு, ஏறு!" அறைக்கு அறை கதவைத் தட்டிக்கொண்டு வந்தார் ரெஜினா அக்கா. என் கதவு திறந்ததும், "என்னம்மா நிக்கிற? வண்டி எடுக்கப் போறோம்" என்றார். மனநிலை சரியில்லாதவர் போலிருக்கிறது, எதிர்த்துப் பேசக்கூடாது என்று நினைத்துக் கீழே போனேன். அப்படி நினைத்துத்தான் மற்றவர்களும் வந்தார்களாம், பிறகு தெரிந்தது.

கூடத்தில் பெஞ்சுகளை பஸ் போல இரண்டு வரிசையாகப் போட்டிருந்தார். பழைய காலண்டர் தாளைக் கிழித்து டிக்கெட். ஏறுவதற்கு முன்னால் வாலிபால் பயிற்சி. பந்தை ஒருத்தி மேல் போட்டு ஒரு கேள்வி கேட்க வேண்டும். பிடித்தவள் பதில் சொல்லி, வேறொருத்திக்குப் போட வேண்டும். "சாப்பிட்டீங்களா" என்று மட்டும் கேட்கக் கூடாது. "அதுக்கு ஆச்சுன்னு ஒரு பதில்தான் இருக்கு. பந்து அங்கேயே தரையில விழுந்துரும்" என்பார். அன்றைக்கு அந்தக் கேள்வி இல்லாமல் பெரும்பாலோர் ஊமையாகிப் போனோம்.

பஸ்ஸுக்கு ஒரே ஒரு விதி. தன் ஸ்டாப் வந்தால் யாரும் தானாக இறங்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள்தான், "இவங்க ஸ்டாப் வந்தாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். அவள் மறந்தால் நீங்கள் வண்டியிலேயே கிடக்க வேண்டியதுதான். ஆகவே எங்கே போகிறீர்கள், எதற்குப் போகிறீர்கள் என்பதை அவள் மறக்காதபடி சொல்லியாக வேண்டும்.

எனக்குப் பக்கத்தில் வைதேகி. பேங்க்கில் வேலை. தம்ளர் முதற்கொண்டு தன்னுடையதைத் தனியாக வைத்துக்கொள்ளும் ஆசாரம். அவளும் பெஞ்சின் ஓரத்தில் பாதிதான் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க போறேள்?"

"எங்கேயும் இல்லீங்க."

"அப்ப உங்களை நான் எங்கேன்னு எறக்கறது?"

யோசித்து, "உப்பிலியபுரம்" என்றேன். கண்டக்டர் விசிலை ஊதி வண்டியை நிறுத்திவிட்டார். "இது லால்குடி வண்டிம்மா. அங்கெல்லாம் போகாது. இறங்கி வேற வண்டி பிடி."

"வேற வண்டி எப்பங்க?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை."

கூடமே சிரித்தது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் அந்த வாரம் முழுக்க, மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாம், "என்னங்க, வண்டி கிடைச்சுதா?" என்று கேட்டார்கள். என்னிடம் யாரோ ஏதோ கேட்கிறார்கள் என்று பழகிக்கொள்ளவே எனக்கு நாலு நாள் ஆயிற்று.

அடுத்த ஞாயிறு நிஜமாகவே உப்பிலியபுரம் வண்டி போட்டார். வழி தெரிந்தவள் நான் ஒருத்திதான். "அடுத்து என்ன ஊரு? அங்க என்ன கிடைக்கும்? யாரு ஏறுவா?" என்று விசிலும் கையுமாக என்னையே விரட்டினார். துறையூரில் வண்டி டீக்கு நின்றது. ஒருத்தி கோழிக் கூடையோடு ஏறினாள். கோழிக்கு டிக்கெட் உண்டா என்று பெரிய சண்டை. நான் நடுவில் நின்று, கோழிக்குக் கிடையாது, ஆட்டுக்கு உண்டு என்று சத்தமாகத் தீர்ப்புச் சொன்னேன். விடுதியில் என் குரல் அவ்வளவு உரக்கக் கேட்டது அன்றுதான். உட்கார்ந்த பிறகு வைதேகி கேட்டாள், "ஊருக்கு எத்தனை நாள் லீவுல போறேள்?" விளையாட்டுத்தானே என்ற தைரியத்தில் உண்மையைச் சொன்னேன். "லீவு இல்லீங்க. வேலையை விட்டுட்டுப் போறேன். திரும்பி வரமாட்டேன்."

உப்பிலியபுரம் வந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். வைதேகி வாயைத் திறக்கவில்லை.

"யாரும் இறங்கலையா?"

"இல்லை" என்றாள் வைதேகி.

நான் அவளை முழங்கையால் இடித்தேன். "என் ஸ்டாப்புங்க. சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன். எறங்கினா இவ திரும்பி வரமாட்டா."

ரெஜினா அக்கா என்னைப் பார்த்தார், வைதேகியைப் பார்த்தார். "பக்கத்து ஆள் சொல்லல. விதின்னா விதிதான். வண்டி திரும்புது, ரைட்!" என்று இரண்டு விசில் கொடுத்தார். நான் எப்போது அழத் தொடங்கினேன் என்று தெரியாது. டோல்கேட் வரும்போது வைதேகியின் தம்ளரில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தம்ளரை அவள் பிறகு மூன்று முறை தேய்த்தாள் என்பது வேறு விஷயம். அதன்பின் பதினைந்து வருஷங்களுக்கு மேலாகிறது. அதே ஆபீசில்தான் இன்னும் வேலை பார்க்கிறேன்.

வார்டன் அம்மாவுக்கு முதலில் இது பிடிக்கவில்லை. "இது விடுதியா, பஸ் ஸ்டாண்டா?" என்று இறங்கி வந்தார். ரெஜினா அக்கா விறைப்பாக நின்று, "எல்லாரும் டிக்கெட்டை எடுத்து வைங்க, செக்கிங் வந்துட்டாங்க!" என்றார். வார்டன் ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு கையை நீட்டினார். அன்றுமுதல் ஞாயிறு தவறாமல் செக்கிங் நடந்தது. டிக்கெட்டைத் தொலைத்தவர்கள் மறுநாள் தேங்காய் துருவ வேண்டும். சில மாதம் கழித்து ஒருநாள் அவர் மெதுவாக, "இன்னைக்கு நான் உட்கார்ந்து வரட்டுமா?" என்று கேட்டார். ஜன்னலோர சீட் கொடுத்தோம். அதில் ஜன்னல் எங்கே இருந்தது என்று இப்போது யாரும் கேட்க வேண்டாம்.

வைதேகிக்குக் கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்குக் குடிபோனபோது, அவள் வீட்டுக்கு நிஜ பஸ்ஸில் போனோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நாங்கள் எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும், ரெஜினா அக்கா ஒருமுறை திரும்பிப் பார்த்தார், தலைகளை எண்ணினார், கை தானாகப் போய் விசிலை எடுத்து இரண்டு ஊதிவிட்டார். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். நிஜக் கண்டக்டர் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார். காவிரிப் பாலத்தில்தான் டிரைவருக்குச் சந்தேகம் வந்தது. மாம்பழச்சாலையில் நிறுத்திக் காத்திருந்தோம். அடுத்த பஸ்ஸில் வந்து குதித்தார் கண்டக்டர். "யாரும்மா விசில் அடிச்சது?"

"நான்தாங்க" என்று எழுந்து நின்றார் அக்கா.

அக்காவின் வெள்ளைப் புடவையையும் ஷூவையும் விசிலையும் மாறி மாறிப் பார்த்த அந்த மனிதர், குரலைத் தாழ்த்தி, "நீங்க எந்த டிப்போங்க?" என்றார்.

இவ்வளவையும் ஏன் செய்கிறீர்கள் என்று அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். "ஞாயித்துக்கிழமை ஸ்கூல் லீவு. மிரட்ட ஆள் வேணாமா?" என்றார். அந்தப் பதிலில் இருந்த தனிமை எனக்குப் புரியப் பல வருஷம் ஆயிற்று. அவர் யாருக்கும் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை. எப்போதும் நின்றுகொண்டே வந்தார். உங்கள் ஸ்டாப் எது அக்கா என்று நான் கேட்டதற்கு, "கண்டக்டருக்கு ஏதும்மா ஸ்டாப்? எல்லாரும் இறங்கினப்புறம் டிப்போதான்" என்றார். அதன்பிறகு நானும் வைதேகியும் ஞாயிறுகளில் முறை வைத்து அவர் அறைக்குப் போனோம். நடுவில் நாற்காலியைப் போட்டு அவரை வலுக்கட்டாயமாக உட்கார வைத்தோம். "சாப்பிட்டீங்களா" என்று மட்டும் கேட்கவில்லை.

அடக்கத்தன்று மாதா கோவிலில் வைதேகி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பூசையில் எல்லோரும் எழுவதும் உட்காருவதும் முழந்தாளிடுவதுமாக இருக்க, அவள் ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் பிந்தி எழுந்து கொஞ்சம் பிந்தி உட்கார்ந்தாள். என் காதருகே, "அக்கா டிரில் மாதிரியே இருக்குடி" என்றாள். துக்கத்துக்கு வந்த இடத்தில் சிரிக்கக் கூடாது என்பதால் இருவரும் இருமினோம்.

பெட்டியோடு நாங்கள் சிலர் வேனில் போனோம். கல்லறை வாசலில் வேன் நின்றது. கதவு திறந்தது. யாரும் அசையவில்லை. விதி எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. நான் வைதேகியைப் பார்த்தேன். பெட்டியின் மேல் கை வைத்திருந்தாள். "நான் சொல்ல மாட்டேன்" என்றாள், அன்றைக்குச் சொன்ன அதே குரலில். மறுபுறம் உட்கார்ந்திருந்தவள் நான். நான்தான் சொன்னேன். "அக்கா ஸ்டாப் வந்தாச்சு." குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. வேன் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

விசில் அவரோடு போய்விட்டது. என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம். போன வாரம் லால்குடி பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பெண் தூங்கிக்கொண்டு வந்தாள். வாளாடி வந்ததும் என்னையறியாமல் அவளை உலுக்கி, "உங்க ஸ்டாப் வந்தாச்சுங்க" என்றேன். பதறி எழுந்தவள் பையை எடுத்துக்கொண்டு படிவரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். "நான் லால்குடிங்க! உங்ககிட்ட யாரு கேட்டா?" என்று திட்டினாள். நியாயம்தான். முதலில் கேட்டிருக்க வேண்டும். அக்கா இருந்திருந்தால் என் டிக்கெட்டைக் கிழித்திருப்பார்.

கொஞ்ச தூரம் அவள் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். பிறகு, தூக்கம் கலைந்துவிட்டதால் வேறு வழியில்லாமலோ என்னவோ, என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க எங்கங்க இறங்கணும்?"

சொன்னேன். எதற்குப் போகிறேன் என்பதையும், அவள் மறந்துவிடாதபடி, விவரமாகச் சொன்னேன்.