ஒரு பை யூரியா

"நிமிர்ந்து நில்லு, கழுதை. புவாத் நானா பார்க்கப்போறார்," என்று கங்குன் கீரைக் கட்டொன்றை அதட்டியபடியே வாழைநாரை இறுக்குகிறார் மெற்றில்டா அக்கா. அதட்டாமல் அவருக்குக் கீரை கட்டத் தெரியாது. வல்லாரைக்கு மட்டும் மரியாதை. அதை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "அது மருந்தெல்லோ தம்பி. டொக்டரை நீ எண்டு சொல்லுறதே?"

அவருக்கு வீடு கொட்டாஞ்சேனையில். விடியற்கால பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்து, கால்வாய்க் கரையோரத்து வெறும் வளவொன்றில் கீரை போடுகிறார். வளவுக்காரர் கனடாவில். கட்டடம் எழும்பும்வரை செய்துகொள் என்று சொல்லிவிட்டுப் போனவர். சுற்றிலும் ஏற்கனவே மாடிகள். அங்கே காயும் சேலைகளின் நிழல் பாத்தியில் விழுந்தால் கீழே நின்று குரல் கொடுப்பார்: "சீலையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க, பிள்ளை. இதுகளும் வெயில் காயவேணும்." பெரும்பாலும் சேலை நகர்ந்துவிடும்.

நான் அடுத்த ஒழுங்கையில் அறையெடுத்து வேலை தேடுகிறவன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. வளர்முக நாடுகளில் விவசாயத்தின் பங்கு பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினேன். அந்தப் பக்கங்களில் மெற்றில்டா அக்கா எங்கே வருவார் என்று இப்போதெல்லாம் யோசிக்கிறேன். அவரிடமே கேட்டதற்கு, "நாட்டுக்குப் பங்கு குடுக்க எனக்குக் கட்டாது, டிகிரித் தம்பி," என்றார்.

போன மாதம் கங்குன் மஞ்சளாகத் தொடங்கியது. யூரியா தீர்ந்துவிட்டது. குண்டு செய்யவும் உதவும் என்று, யுத்தம் நடக்கும் வடக்கே போகவிடாமல் அரசாங்கம் தடுத்த சாமான் அது. கொழும்பில் தடையில்லைதான், ஆனாலும் தமிழர் யாரும் அதைக் கையில் கொண்டு நடக்க விரும்புவதில்லை. இவருடைய கீரையில் முக்கால்வாசியை எடுப்பவர் சாப்பாட்டுக்கடை புவாத் நானா. அவர் சொல்லிவிட்டார்: "மஞ்சக் கீரைய ஆரு தின்ற, மெற்றில்டா? அடுத்த கிழமையும் இப்பிடி வந்தா நான் ஹெந்தளைத் தோட்டக்காரரிட்ட எடுக்கப் போற."

மாடிவீட்டுப் பெண்கள் யோசனை சொன்னார்கள்: அரிசிப் பைக்குள் வைத்துக் கொண்டு வரலாம். அக்கா மறுத்துவிட்டார். "ஒளிச்சுக் கொண்டுவந்தாத்தான் அது குண்டு. கையில தூக்கிக்கொண்டு வந்தா உரம்."

அப்படித்தான் தூக்கி வந்தார், கண்ணாடி போன்ற பொலித்தீன் பையில். பாண் வாங்கிக்கொண்டு நானும் அவருக்குப் பின்னால் வந்தேன். ஒழுங்கை முகப்புக் காவலரணில் வழக்கமான ஆமிக்காரன் இல்லை. புதியவன், என் வயதுதான் இருக்கும்.

"மே மொகக்த?" இது என்ன என்று பையைக் காட்டிச் சிங்களத்தில் கேட்டான்.

"பொஹொர, மல்லி. யூரியா." உரம், தம்பி என்று அக்காவும் சிங்களத்திலேயே சொன்னார்.

வெள்ளவத்தையில் ஏது வயல் என்று அவன் சிங்களத்திலேயே கேட்டுச் சிரித்தான். சிரிப்பு நின்றபோது துப்பாக்கி கொஞ்சம் உயர்ந்திருந்தது. என்ன பயிர் என்று கேட்டான். கங்குன் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இங்கிலிசில எழுதினா அதிலயும் ஒரு 'gun' இருக்கெண்டு பிடிக்காட்டிச் சரி," என்று முணுமுணுத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வந்து பார் என்று அவன் பாஷையிலேயே சொல்லிவிட்டு, பையை அவனிடமே விட்டுவிட்டு, அக்கா முன்னால் நடந்தார். கூட நின்றவனைக் காவலுக்கு விட்டு அவனும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அரணில் வாங்கிப் பார்த்த என் அடையாள அட்டை இன்னும் அவன் சட்டைப்பையில் இருந்ததால் நானும் போனேன்.

வளவுக்குள் வந்தவன் மஞ்சள் பாத்தியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். ஊரில் தன் தகப்பனும் யூரியாவுக்கு அலைவதாகச் சொன்னான். போன போகத்து நெல் விற்ற காசு உரக்கடைக் கடனுக்கே சரியாகிவிட்டதாம். அதற்குப் பிறகுதான் இவன் பட்டாளத்தில் சேர்ந்தான்.

"சம்பளம் மாதா மாதம் வருதெல்லோ," என்று அக்கா எனக்குச் சொன்னார். குத்தலாக அல்ல.

அவன் துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளினான். யாரும் கேட்காமலே பையைப் பிரித்து, ஒரு பிடி அள்ளி, வயலில் எறிவதுபோலக் கையை அகல வீசினான். வெள்ளைக் குருணைகள் ஈர இலைகளின்மேல் சிதறின.

"இலையில விழுந்தாக் கருகிப்போம், மல்லி," என்றார் அக்கா, அவசரத்தில் தமிழிலேயே. அவனுக்கு விளங்கவில்லை. அடுத்த பிடியை அள்ளினான்.

மெற்றில்டா அக்கா சேற்றுக்குள் இறங்கி, அந்தச் சீருடைக் கையை மணிக்கட்டோடு பிடித்து, செடிகளுக்கு இடையில் மண்ணைத் தொடுமளவு கீழே இழுத்து, மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார்.