வாடகை கேட்காத வீட்டிலிருந்து வெஸ்ட் ஈலிங்குக்கு

ஏப்ரல் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை நானும் ரோஷினியும் பிளேஸ்டோவிலிருந்து வெஸ்ட் ஈலிங்குக்குப் போனோம். லண்டனின் கிழக்கிலிருந்து மேற்குக்கு, நேர்கோட்டில் ஏறத்தாழ இருபத்து மூன்று கிலோமீற்றர். வழக்கமாக இந்த வலைப்பதிவில் பூங்கா, கால்வாய்க்கரை, கோயில் தேர் என்று எழுதுவேன். இந்த முறை நாங்கள் பார்க்கப் போனது ஒரு அறையை. பதினெட்டு வயதானதும் ரோஷினி தனியாகப் போய் இருக்க வேண்டும் என்று உள்ளூராட்சி கவுன்சில் ஒதுக்கிய அறை.

ரோஷினி, கவுன்சில் பொறுப்பெடுத்து எங்கள் வீட்டில் வளர்க்கக் கொடுத்த ஃபொஸ்டர் பிள்ளை. பதின்மூன்று வயதில் இரண்டு பைகளோடு வந்தாள், நாலரை வருடமாகிறது. இது அவளுடைய உண்மைப் பெயர் அல்ல. எழுதலாமா என்று கேட்டபோது, "எழுதுங்கோ அக்கா, ஆனா நல்ல பேரா வையுங்கோ, கிழவியின்ர பேர் வேண்டாம்" என்று சொல்லி அவளே தெரிவுசெய்தாள். அவளுக்குப் பொறுப்பான கவுன்சில் நாங்கள் வசிக்கும் பகுதியுடையது அல்ல. அதன் பெயரை எழுதப் போவதில்லை.

அன்றைக்கு அவளுடைய பிறந்தநாளுக்கு இருபத்து மூன்று நாட்கள் இருந்தன. பிறந்தநாள் முடிந்து இரண்டாம் நாள் முதலாவது ஏ லெவல் பரீட்சை. பிறந்தநாளன்றே அறைக்கு மாற வேண்டும் என்று கடிதம் சொன்னது. பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு பிள்ளையை வீடு மாற்ற யாரோ ஒருவர் மேசையில் இருந்து திட்டம் போட்டிருக்கிறார். அந்த மேசையில் ஒரு கலண்டர் கூடவா இல்லை?

கடிதத்தில் காரணம் எதுவும் இல்லை. முகவரி, பார்க்க வரவேண்டிய நேரம், ஒரு தொலைபேசி இலக்கம். அந்த இலக்கத்துக்கு என் அம்மா, ரோஷினிக்கு அன்ரி, ஆறு முறை போன் எடுத்தார், யாரும் பதில் சொல்லவில்லை. அம்மாவுக்குப் பாடசாலைச் சமையலறையில் வேலை, வெள்ளிக்கிழமை விடுப்பு கிடைக்காது. அதனால் நான் போனேன்.

வழி எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும். காலை 8.15க்கு வீட்டிலிருந்து புறப்பட்டு ஒன்பது நிமிடம் நடந்து பிளேஸ்டோ ஸ்டேஷன். டிஸ்ட்ரிக்ட் லைனில் வைட்சாப்பல் வரை பதினான்கு நிமிடம். அங்கே எலிசபெத் லைனுக்கு மாற வேண்டும். எல்லா ரயிலும் வெஸ்ட் ஈலிங்கில் நிற்பதில்லை. சில பாடிங்டனோடு முடிந்துவிடும், பலகையைப் பார்த்து ஏறுங்கள். நாங்கள் ஒன்றை விட்டு அடுத்ததைப் பிடித்தோம். 9.22க்கு இறங்கினோம். நெரிசல் நேரம் என்பதால் எனக்கு மூன்று பவுண் எண்பது, ரோஷினிக்கு மாணவர் அட்டையில் அதில் பாதி.

வெஸ்ட் ஈலிங் எனக்குப் பழக்கமான இடம்தான், துர்க்கை அம்மன் கோயிலுக்கு வருடா வருடம் வருவோம். ரோஷினி ரயிலில் உயிரியல் குறிப்புகளை மடியில் வைத்து ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். பரீட்சைப் பயம் என்று நினைத்தேன்.

ஸ்டேஷனிலிருந்து ஆறு நிமிட நடை. மூன்று மாடி வீடு, வாசலில் இரண்டு கமரா. கதவைத் திறந்தது அங்கே வேலை செய்யும் ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். எங்கள் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

"வாங்க வாங்க. தமிழ்தானே? நான் மலேசியா, கிள்ளான். இங்க படிக்க வந்து அப்படியே தங்கிட்டேன். தேவின்னு கூப்புடுங்க."

அறை இரண்டாம் மாடியில். பத்தடிக்கு ஏழடி. கட்டில், இடுப்புயரக் குளிர்சாதனப்பெட்டி, கைகழுவும் தொட்டி. ஜன்னலுக்கு வெளியே தண்டவாளம். கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்த தாளில் பதினான்கு விதிகள். பார்வையாளர்கள் இரவு எட்டு மணிக்குள் வெளியேற வேண்டும், யாரும் தங்கக் கூடாது. சமையலறை பொது, ஒவ்வொருவருக்கும் பூட்டுப் போட்ட ஒரு அலுமாரி.

"மேசை எங்க?" என்று கேட்டேன்.

"மேசை போட இடமில்லமா. கீழ பொது ஹால்ல ஒன்னு இருக்கு. டிவி எந்நேரமும் ஓடும், அதான்."

"பரவாயில்லை, கட்டில்ல இருந்து படிப்பன்" என்றாள் ரோஷினி. அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள். எங்கள் வீட்டில் மேசை விளக்கின் வெளிச்சம் சரியில்லை என்று இரண்டு நாள் சண்டை போட்டவள்.

தேவி என்னைப் பார்த்தார். "நீங்க யாரு? புது சப்போர்ட் வொர்க்கரா?"

"இல்லை. நான் அவளின்ர அக்கா. ஃபொஸ்டர் வீட்டு அக்கா."

அவர் முகம் மாறியது. கையிலிருந்த கோப்பைத் திறந்து ஒரு பக்கத்தைப் பார்த்தார். "நீங்க ஏன் வந்தீங்க? ஃபொஸ்டர் குடும்பம் இவள வெச்சுக்க விரும்பலன்னுல்ல இதுல போட்டிருக்கு."

எனக்கு ஜனவரி மாதம் நினைவுக்கு வந்தது.

இங்கிலாந்தில் ஃபொஸ்டர் பிள்ளைக்குப் பதினெட்டானாலும், பிள்ளையும் குடும்பமும் விரும்பினால் இருபத்தொரு வயது வரை அதே வீட்டில் இருக்கலாம். ஸ்டேயிங் புட் என்பார்கள். அதற்கான படிவம் ஜனவரியில் வந்தது. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். அன்றிலிருந்து வீட்டுப் படிவங்கள் எல்லாம் என்னுடையவை. படித்தது உயிர்வேதியியல் என்பது யாருக்கும் பொருட்டல்ல. அந்தப் படிவத்தில், பதினெட்டு வயதிலிருந்து இளையவர் உங்கள் வீட்டில் வாடகை செலுத்திக் குடியிருப்பவர் ஆவார், இந்த நிபந்தனைகளுடன் ஏற்பாட்டில் சேர விரும்புகிறீர்களா, ஆம், இல்லை என்று இருந்தது. அம்மாவுக்கு வாசித்துச் சொன்னேன்.

"பிள்ளையிட்ட வாடகையோ?" அம்மா கரண்டியோடு திரும்பினார். "ஆரடி இதை எழுதினவை? சோறு போடுற வீட்டில பிள்ளையிட்டக் காசு வாங்குவினமோ? வேண்டாம் எண்டு போடு."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ரோசத்தோடு 'இல்லை' என்ற பெட்டியில் டிக் போட்டேன். நாங்கள் வேண்டாம் என்றது வாடகையை. படிவம் பிள்ளையை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டது. சந்தேகம் கேட்க ஒரு இலக்கம் அடியில் இருந்தது. எனக்கு முன்பின் தெரியாதவர்களுக்குப் போன் எடுப்பதென்றால் கை வேர்க்கும். எடுக்கவில்லை.

இதை அந்த அறையில் நின்று திக்கித் திக்கித் தேவியிடம் சொன்னேன். முடிப்பதற்குள் ரோஷினி குறுக்கிட்டாள்.

"எனக்குத் தெரியும் அக்கா. நீங்கள் டிக் பண்ணேக்க நான் பின்னால தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்டனான். அன்ரி வேண்டாம் எண்டு சொன்னது மட்டும்தான் கேட்டது."

"அப்ப ஏன் என்னட்டக் கேக்கேல்லை?"

"கேட்டு, நீங்கள் ஓம் எண்டு சொல்லியிருந்தா?"

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. அந்த மாதங்களில்தான் அவள் சாப்பிட்ட தட்டை உடனே கழுவி வைக்கத் தொடங்கினாள். பிரிட்ஜைத் திறக்கும் முன் கேட்டாள். அலுமாரியில் உடுப்புகள் குறைந்துகொண்டே போயின. பழையதைத் தானம் கொடுக்கிறாள் என்று அம்மா பெருமைப்பட்டார். அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். எதையும் கவனிப்பவள் என்று என்னைச் சொல்வார்கள். இதைக் கவனிக்கவில்லை.

தேவி கோப்பை மூடினார். "இன்னிக்கு வெள்ளி. திங்கக்கிழமை இவ இந்த ரூமுக்குக் கையெழுத்துப் போட்டா அப்புறம் மாத்துறது கஷ்டம். இப்பவே கவுன்சிலுக்குப் போங்க. போன் பண்ணாதீங்க, எடுக்க மாட்டாங்க. டியூட்டி சோஷல் வொர்க்கரப் பாக்கணும்னு சொல்லுங்க. பாக்குற வரைக்கும் நாற்காலிய விட்டு எந்திரிக்காதீங்க லா."

"நீங்கள் சொன்னதெண்டு சொல்லலாமோ?"

"ஐயையோ வேணாம். எனக்கு வேலை வேணும்." அதனால் அவருடைய பெயரையும் ஊரையும் இங்கே மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

கவுன்சில் அலுவலகத்துக்குப் பஸ்ஸில் இருபத்தாறு நிமிடம். பஸ் இலக்கத்தை எழுதினால் எந்தக் கவுன்சில் என்று தெரிந்துவிடும். எனக்கு ஒரு பவுண் எழுபத்தைந்து, ரோஷினிக்கு இலவசம். 10.55க்கு உள்ளே போனோம். வரவேற்பில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல், முன்பதிவு இல்லையென்றால் மின்னஞ்சல் அனுப்புங்கள் என்றார். வேறு எந்த நாளிலும் நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே போயிருப்பேன். அன்று, காத்திருக்கிறோம் என்று சொல்லி உட்கார்ந்தோம். ஒரு மணி நாற்பது நிமிடம். சுவரில் ஒரு சுவரொட்டி, சிரிக்கும் பிள்ளைகள், 'உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம்'. அதைக் கிழிக்க வேண்டும் போல இருந்தது.

12.35க்கு அன்றைய பொறுப்பிலிருந்த டியூட்டி சோஷல் வேர்க்கர் வந்தார். இளைஞர், களைத்த முகம். கணினியைப் பார்த்துவிட்டு, உங்கள் தாயார்தானே வேண்டாம் என்று சொன்னவர் என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு கோபம் எனக்கு வரும் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நாலரை வருடம் வளர்த்த குடும்பம் ஒரு பெட்டியில் டிக் போட்டிருக்கிறது, ஏன் என்று கேட்டு யாராவது ஒரு போன் எடுத்தீர்களா என்று கேட்டேன். அவர் தேடினார். மேலே கீழே உருட்டினார். "அப்படிக் குறிப்பு எதுவும் இல்லை" என்றார். இந்த ஒரு வருடத்தில் அவளுக்கு மூன்று சோஷல் வேர்க்கர்கள் மாறியிருக்கிறார்கள். எனக்குப் போன் எடுக்கக் கூச்சம். அவர்களுக்கு அதுதானே வேலை?

பிறகு அவர் விளக்கினார். பதினெட்டானதும் சட்டப்படி அவள் பெரியவள் என்பதால்தான் அந்த வாடகைப் பேச்சு. பெரும்பாலும் அது அவளுக்குக் கிடைக்கும் பெனிபிட் என்ற அரச உதவிப்பணத்திலிருந்தோ கவுன்சிலிடமிருந்தோ வரும், தொகையைப் பேசித் தீர்மானிக்கலாம். நான்கு நிமிடத்தில் சொல்லி முடித்தார். அந்த நான்கு நிமிடத்தை ஜனவரியில் யாரும் எங்களுக்குத் தரவில்லை. அறை தேடி, அலுமாரிக்குப் பூட்டுத் தேடி, அவளை அனுப்புவதற்கு மட்டும் எல்லோருக்கும் நேரம் இருந்திருக்கிறது.

புதிய படிவத்துக்கு அம்மாவின் சம்மதம் வேண்டும். ஸ்பீக்கரில் போட்டுப் போன் எடுத்தேன். பின்னால் தட்டுகள் உருளும் சத்தம்.

"வாடகை எண்டு திரும்பவும் எழுதியிருக்கோ? அப்ப நான் கையெழுத்து வைக்கமாட்டன். அவங்களுக்கு வெக்கமில்லை, எனக்கு இருக்கு."

ரோஷினி போனை என் கையிலிருந்து வாங்கினாள். "அன்ரி, நான் வாடகை தாறன். வாங்குங்கோ."

"உன்னட்ட நான் காசு வாங்கமாட்டன், விசரி."

"வாங்காட்டி நான் அந்த ரூமுக்குத்தான் போகோணும். அங்க மேசையும் இல்லை." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்கள் என்னை வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டியள் எண்டு எழுதியிருக்கு அன்ரி."

மறுபக்கம் தட்டுச் சத்தம் நின்றது. "என்ன எழுதியிருக்கு?" என்று அம்மா மெதுவாகக் கேட்டார். ரோஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை என்னிடம் நீட்டினாள். அம்மா சொன்னார்: "எவ்வளவு எண்டாலும் எழுதச் சொல்லு. நூறு எண்டாலும் எழுதட்டும். அவங்கட காசை நான் கையால தொடமாட்டன், ஆனா கையெழுத்து வைக்கிறன். இப்ப வைக்கிறன். அனுப்பு."

சமையலறையில் நின்றபடியே போன் திரையில் விரலால் கையெழுத்திட்டு அனுப்பினார். 1.20க்கு வெளியே வந்தோம். பஸ்ஸில் வெஸ்ட் ஈலிங்குக்குத் திரும்பி, ஒரு தமிழ்க் கடையில் இரண்டு மீன் ரோலும் தேநீரும். நெரிசல் இல்லாத நேரம், திரும்பும் ரயிலுக்கு எனக்கு மூன்று பவுண் பத்து. அன்று என் பயணச் செலவு மொத்தம் பத்துப் பவுண் நாற்பது.

அடுத்த வியாழக்கிழமை மின்னஞ்சல் வந்தது. அறை ரத்து, இருபத்தொரு வயது வரை எங்கள் வீடு. மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அந்த அறையில் இப்போது வேறொரு பிள்ளை இருக்கும். அதன் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது, அது உண்மையா என்று யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

உங்கள் வீட்டிலும் ஃபொஸ்டர் பிள்ளை இருந்தால், பதினேழு வயது தொடங்கும்போதே ஸ்டேயிங் புட் பற்றி எழுத்தில் கேளுங்கள். வாடகை என்ற சொல்லைப் பார்த்துக் கோபப்படாதீர்கள். ஆம் என்று போட்டுவிட்டுத் தொகையைப் பற்றிச் சண்டை பிடியுங்கள். பிள்ளைக்காகப் பேச அட்வகேட் எனப்படும் ஒரு சுயாதீனப் பிரதிநிதியைக் கேட்கும் உரிமை பிள்ளைக்கு உண்டு, இலவசம். கவுன்சிலுக்கு நேரே போவதென்றால் காலையில் போங்கள், சாப்பாடு கொண்டுபோங்கள். ஃபொஸ்டர் அல்லாமல் தத்தெடுத்து வளர்க்கும் பெற்றோருக்கும் ஒன்று: தத்து ஆணை கிடைத்து முதல் மூன்று வருடம் பிள்ளையை ஒப்படைத்த கவுன்சிலிடமும், அதற்குப் பிறகு நீங்கள் வசிக்கும் கவுன்சிலிடமும் உதவித் தேவை மதிப்பீடு கேட்கலாம். கேட்காவிட்டால் யாரும் வந்து தரமாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு, அதைக் கவுன்சில் மேல் போட முடியாது. நாலரை வருடத்தில் எங்கள் வீட்டில் ஒருவர் கூட ரோஷினியிடம், நீ இங்கேதான் இருப்பாய் என்று வாயால் சொன்னதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டோம். பரீட்சைக்குக் கோயிலில் அர்ச்சனை செய்தோம். அவளுக்குத் தெரியும்தானே என்று நினைத்தோம். அவளுக்குத் தெரியாது. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் தெரியாது. இதை வாசித்து முடித்ததும் போய்ச் சொல்லுங்கள்.