புதுத்தாள் ஒட்டிய சுவர்

ஒக்புனுக்குத் த்ரில்லர் படம் என்றால் உயிர். அதிலே ஏழைக் குடும்பம் வந்தால் மட்டும் டிவியோடு சண்டைக்குப் போய்விடுவாள். "கையில காசில்லேன்னா கத்தியத் தூக்கணுமாடி? நானுந்தான் இல்லாதவ. யாரைக் கொன்னேன்?" என்று மகள் போரமை உலுக்குவாள்.

"உன் கையில முதுகு குடுத்தவங்களைக் கேட்டாத் தெரியும்" என்பாள் மகள்.

சியோலில் ஒரு பொதுக் குளியலகத்தில் பெண்களுக்கு முதுகு தேய்த்துவிடுவது ஒக்புனின் பிழைப்பு. எவ்வளவு பெரிய வீட்டு முதுகாக இருந்தாலும் அழுக்கு ஒரே நிறம்தான் என்பது அவள் கண்ட உண்மை. குன்றுச் சரிவில், பாதி மண்ணுக்குள் இறங்கிய வீட்டில் அம்மாவும் மகளும் இருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் தெருவில் போகிறவர்களின் கால்கள் தெரியும். மழைக்காலத்தில் சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சணம் ஏறும். ஊரார் அழுக்கையெல்லாம் உருட்டி எடுக்கிறவளுக்கு அந்தச் சுவர் மட்டும் அடங்கவில்லை. யாராவது வந்தால் அலமாரியை இழுத்து மறைத்துவிடுவாள்.

போரம் சினிமாவில் கலை இயக்கப் பிரிவில் கடைக்குட்டி. நாற்காலி சுமக்கிற, சாயம் கரைக்கிற வேலை. இதுவரை எந்தப் படத்திலும் அவள் பெயர் வந்ததில்லை. இப்போது வேலை செய்கிற படத்திலாவது வந்தால்தான் அடுத்த வேலை என்று ஆகியிருந்தது. ஏழைக் குடும்பத்து த்ரில்லர்தான். படத்துக்கு ஏற்ற வீடு கிடைக்காமல் இயக்குநர் பியோன் தெருத் தெருவாக அலைந்ததைப் பார்த்து, அவள் தன் வீட்டைப் படம் பிடித்துக் காட்டிவிட்டாள்.

"நாளன்னிக்கு எல்லாரும் பாக்க வர்றாங்கம்மா. அவருக்கு நம்ம வீடு ரொம்பப் பிடிச்சுப்போச்சு." சொல்லிவிட்டுத் தயங்கினாள். "ஆனா, தெரிஞ்ச ஆன்ட்டி வீடுன்னு சொல்லி வெச்சிருக்கேன். அங்க யாருக்கும் நான் இருக்கிற எடம் தெரியாது."

ஒக்புனுக்குச் சுருக்கென்றது. "சரிடி. ஒரு நாளைக்கு ஆன்ட்டியாவே இருந்துட்டுப் போறேன்" என்றாள்.

மகள் வெளியூருக்குச் சாமான் வாங்கப் போனதும், விருந்தாளி வருகிற வீட்டில் செய்யவேண்டியதைச் செய்தாள். குளியலகத்துக்கு லீவு போட்டாள். சுவரைச் சுரண்டித் துடைத்தாள், பசை காய்ச்சினாள், சின்னப் பூப்போட்ட சுவர்த்தாளை வாங்கி மூலை பிசகாமல் ஒட்டினாள். அவசரத்தில் ஓரிடத்தில் பூஞ்சணத்தின் மேலேயே ஒட்ட வேண்டியதாகிவிட்டது. வீடு கல்யாண வீடு மாதிரி ஆனது.

கலை இயக்குநரும் வெளியூரிலிருந்து நேரே வந்த போரமும் பின்னால் வர, பியோன் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அப்படியே நின்றார்.

"சுவர் எங்க?"

"இதோ இருக்கே சார், பளிச்சுன்னு!"

"அந்தக் கறுப்பு?"

"எல்லாம் ஒட்டி மூடியாச்சு. இனி தலை காட்டாது" என்று முலாம்பழத் தட்டை நீட்டினாள் ஒக்புன்.

கலை இயக்குநர் போரம் பக்கம் திரும்பினார். "வீட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கத் தெரியாதா? நீயெல்லாம் எதுக்கு இந்த வேலைக்கு வந்தே?" பியோன் வாசலுக்குப் போய் ஷூவை மாட்டத் தொடங்கினார். மகள் வாயில் மண்ணைப் போட்டுவிட்டோம் என்று ஒக்புனுக்கு அப்போதுதான் உறைத்தது. தட்டைக் கீழே வைத்தாள்.

"சார், தப்பு என்னோடது. அந்தப் பொண்ணுக்கு எதுவும் தெரியாது. அந்தப் பொண்ணு யாரோ..."

"போதும்மா" என்றாள் போரம்.

அவள் முகம் சிவந்திருந்தது. "சார், இது என் வீடு. இவங்க என் அம்மா. ஆள் வருதுன்னா அந்தக் கறையை மறைச்சாகணும் இவங்களுக்கு. போலீஸ் வந்தாலும் இதையேதான் செய்வாங்க."

ஒரு ஷூவோடு பியோன் நிமிர்ந்தார். "போலீஸ் வந்தாலுமா?"

"பின்னே? யாரு வந்தாலும் சுவரை அப்படியே வெச்சுக்கிட்டு உக்காருவாங்களா?" என்றாள் ஒக்புன், கொஞ்சம் ரோஷமாகவே.

"இந்த மாதிரி வீட்டுல புதுத்தாளைப் பாத்தா போலீஸ்காரன் என்ன நினைப்பான்?"

"நல்ல சுத்தக்காரின்னு நினைப்பான்."

"ரத்தத்தை மறைச்சிருக்காங்கன்னு நினைப்பான்மா" என்றாள் போரம், மெதுவாக.

பியோன் அந்த ஷூவையும் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். முலாம்பழத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, "மேல சொல்லு" என்றார், போரமைப் பார்த்து.

அடுத்த ஆண்டு படம் வந்தது. தியேட்டரில் ஒக்புன் மகளின் கையை விடவில்லை. திரையில் போலீஸ்காரன் பூப்போட்ட தாளைக் கிழித்தான். உள்ளே ரத்தம் இல்லை. கறுத்த பூஞ்சணம்தான், திரை முழுக்க. அந்தப் படத்து அம்மா இரண்டு கையையும் விரித்து அதை மறைக்கப் பார்த்தாள்.

"ஒருத்தர் கண்ணுலயும் படாம வெச்சிருந்தேன். இப்ப ஊரே பாக்குது" என்றாள் ஒக்புன். போரம் திரையை விட்டுத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

படம் முடிந்து விளக்குப் போட்டார்கள். ஒக்புன் எழுந்திருக்கவில்லை. பெயர்கள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. வெகு கீழே போரம் வந்தாள். அதற்கும் கீழே, வீடு தந்தவர் என்ற இடத்தில், 'போரமின் அம்மா ஒக்புன்' என்றிருந்தது.

பக்கத்து இருக்கைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். ஒக்புன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பாத்தியாம்மா, அது என் பொண்ணு பேரு" என்றாள். "அந்தச் சுவரு எங்க வீட்டுது."