டெய்லர் மாமா நின்ற மணல் திட்டு

இன்று உறையூரில் ரோடு போடத் தார் காய்ச்சினார்கள். அப்பா பரிசலின் அடியில் பூசுகிற அதே தார் வாசனை. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன். அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

முக்கொம்பு பார்க்க வருகிறவர்களை அப்பா பரிசலில் ஏற்றி, கொள்ளிடத்தின் நடுவே இருந்த மணல் திட்டுக்குக் கூட்டிப்போவார். லீவு நாட்களில் நானும் பரிசலுக்குள் சம்மணம் போட்டு, அடியில் தண்ணீர் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போவேன். திட்டு முழுக்கப் பறவைகள். அவற்றின் பேர் தெரியாததால் அப்பா எங்கள் தெரு ஆட்களின் பேரை வைத்திருந்தார்.

"ஒத்தக் கால்ல நிக்கிறாரு பாருங்க, அவருதாங்க எங்க டெய்லர் மாமா. மிஷின் மிதிச்ச காலுக்கு ரெஸ்ட் குடுக்குறாரு."

வந்தவர்கள் சிரிக்கிற சிரிப்பில் பரிசல் ஆடும்.

"எம் பேர மட்டும் ஏம்ப்பா வைக்கல?" என்று ஒருநாள் அழுதேன்.

"வெயில் ஏறுனா இதெல்லாம் பறந்துரும்மா. ஒன்னைய எப்படி அனுப்புறது?" என்றார்.

மணல் அள்ளி அள்ளி அந்தத் திட்டும் போய்விட்டது. அப்பாவின் பேரை நாங்கள் யாரும் ஒரு பறவைக்கும் வைக்கவில்லை. வைத்திருந்தால், எங்காவது அது வந்து உட்காரும்போது கூப்பிட்டாவது பார்த்திருப்பேன்.